எப்போதாவது எழுதும் பதிவரையும் தவறவிடாமல் படிக்க: ஓடை, மறுமொழி, மடல்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதும் வலைப்பதிவர்தான் முதலில் கைநழுவிப் போவார். தினமும் எழுதுகிறவரை எப்படியும் எங்காவது பார்த்துவிடுவோம். எப்போதாவது எழுதுகிறவர் இடுகையை வெளியிட்டு, ஃபேஸ்புக்கில் ஒரு இணைப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அது நம் கண்ணில் படுமா படாதா என்பது அந்தத் தளத்தின் கையில் இருக்கிறது. ஒரு வருடம் கழித்துத் தற்செயலாக அங்கே போனால் நான்கு நல்ல இடுகைகள் கிடக்கும், ஒன்றுக்கும் மறுமொழி இருக்காது. படிக்க யாருமில்லை என்று நினைத்து அவரும் நிறுத்தியிருப்பார்.

2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இந்தக் குறையைத்தான் தீர்த்தது. பதிவுகளின் ஓடைகளை (ஃபீட்) எல்லாம் எடுத்து ஒரே பக்கத்தில் அடுக்கியது. புதிதாக மறுமொழி வந்த இடுகைகளையும் தனியே காட்டியது. அதனால் பழைய இடுகையின் அடியில் நடக்கும் பேச்சும் ஊருக்குத் தெரிந்தது. திரட்டிகளின் காலம் போய்விட்டாலும் அவற்றின் பின்னால் இருந்த நுட்பம் அப்படியே இருக்கிறது. பிளாக்கரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் எழுதும் பெரும்பாலோரின் வலைப்பதிவும், எழுதுகிறவர் கவனிக்காவிட்டாலும், ஓடையை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கென்று ஒரு சொந்தத் திரட்டி வைத்துக்கொள்ள அரைமணி நேரம் போதும்.

ஓடையைப் பிடிப்பது

ஓடை என்பது வலைப்பதிவின் கடைசிச் சில இடுகைகளைத் தலைப்பு, தேதி, உள்ளடக்கத்தோடு நிரல் படிக்கும் வடிவத்தில் தரும் ஒரு கோப்பு. அதற்குத் தனி முகவரி உண்டு. ஓடைபடிப்பான் என்னும் செயலி அந்த முகவரியைச் சில மணிக்கொரு முறை எட்டிப் பார்த்து, புதியது இருந்தால் உங்கள் முன் வைக்கும். நீங்கள் போய்த் தேட வேண்டியதில்லை.

எந்தப் படிப்பான் என்று அதிகம் யோசிக்க வேண்டாம். போனிலும் கணினியிலும் மாறி மாறிப் படிப்பவருக்கு ஃபீட்லி அல்லது ஐனோரீடர் சரிவரும். இரண்டிலும் இலவசக் கணக்கு இருக்கிறது, நூறு வலைப்பதிவு வரை தாராளமாகச் சேர்க்கலாம். ஆப்பிள் கருவி மட்டும் வைத்திருப்பவருக்கு நெட்நியூஸ்வயர் இலவசம், விளம்பரமும் கிடையாது. ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்ற திறமூலச் செயலிக்குக் கணக்கே தேவையில்லை. அஞ்சலுக்குத் தண்டர்பேர்டு பயன்படுத்துபவர்கள் அதிலேயே ஓடைக்கென ஒரு கணக்குத் திறந்தால் மடலும் இடுகையும் ஒரே இடத்தில் வரும்.

படிப்பானில் சேர்க்கும் இடத்தில் வலைப்பதிவின் முகப்பு முகவரியை ஒட்டினாலே பெரும்பாலும் ஓடையை அதுவே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் நீங்களே முகவரியைக் கட்டலாம். இங்கே ஒலிப்படி தருகிறோம், ஆங்கில எழுத்தில் தட்டச்சுங்கள். பிளாக்கர் பதிவாக இருந்தால் முகப்பு முகவரியின் முடிவில் /ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/டிஃபால்ட் என்று சேர்க்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸுக்கு /ஃபீட்/ மட்டும் போதும். சப்ஸ்டாக்குக்கும் முகப்புக்குப் பின்னால் /ஃபீட் தான். மீடியத்தில் மட்டும் வரிசை மாறும்: தளப் பெயருக்கு அடுத்து /ஃபீட்/ வந்து, அதன் பிறகு அட் குறியோடு எழுதுபவரின் பயனர் பெயர்.

ஒருவர் சமையல், சினிமா, அரசியல் எல்லாம் எழுதுகிறார், உங்களுக்குச் சமையல் மட்டும் போதும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பிளாக்கரில் மேலே சொன்ன முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு, ஒரு சிறுகோடு, மறுபடி சாய்கோடு போட்டு, குறிச்சொல்லை அவர் வைத்திருக்கும் அதே எழுத்தில் எழுதுங்கள். தமிழ்க் குறிச்சொல்லும் வேலை செய்யும். ஒரு ஒற்று மாறினாலும் ஓடை வெறுமையாக வரும் என்பதால் பதிவின் பக்கப்பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது நல்லது.

சேர்த்தவுடன் பிளாக்கர் பதிவில் கடைசி 25 இடுகைகளும் வேர்ட்பிரஸ்ஸில் கடைசி 10 இடுகைகளும்தான் தெரியும். இவை அந்தத் தளங்கள் இயல்பாக வைத்திருக்கும் அளவு. பத்து வருட எழுத்து எங்கே போனது என்று பதற வேண்டாம், பழையதைப் பதிவுக்கே போய்ப் படிக்க வேண்டும். சிலரது ஓடையில் முதல் நான்கு வரி மட்டும் வந்து நிற்கும். பதிவர் தம் அமைப்பில் சுருக்க ஓடையைத் தேர்ந்திருக்கிறார் என்பதே காரணம். வருகைக் கணக்கு தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைப்பவர்களும் உண்டு. அதை மதித்து, சொடுக்கிப் போய்ப் படித்துவிடுங்கள்.

படிப்பானில் கோப்புறைகளைத் தலைப்புவாரியாகப் பிரிப்பதைவிட எழுதும் வேகத்தை வைத்துப் பிரிப்பது பயன் தரும். "எப்போதாவது எழுதுவோர்" என்று ஒரு கோப்புறை, "அடிக்கடி எழுதுவோர்" என்று மற்றொன்று. முதல் கோப்புறையில் எண் தெரிந்தால் அன்றே படியுங்கள். இரண்டாவதை ஞாயிற்றுக்கிழமைக்கு விடலாம், தேங்கினால் எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டும் நகரலாம். இப்படிப் பிரிக்காவிட்டால் தினமும் மூன்று இடுகை போடும் ஒருவர், வருடத்துக்கு நான்கு எழுதும் ஒருவரை அமுக்கிவிடுவார். ஓடை வைத்திருப்பதன் பயனே அதோடு போயிற்று.

செத்த வழிகள் சில

பக்கப்பட்டையில் "மின்னஞ்சலில் பெற" என்று பெட்டி இருக்கும். அதில் முகவரி தந்துவிட்டு மடல் வரும் என்று காத்திருக்காதீர்கள். பழைய பிளாக்கர் பதிவுகளில் இருக்கும் அந்தப் பெட்டி ஃபீட்பர்னர் என்ற கூகுள் சேவையை நம்பி வைத்தது, அதன் மின்னஞ்சல் சேவை 2021 ஜூலையோடு நின்றது. பெட்டியை எடுக்கப் பலர் மறந்துவிட்டார்கள். "கூகுள் ரீடரில் சேர்க்க" என்ற பொத்தானும் அப்படித்தான், கூகுளின் அந்த ஓடைபடிப்பான் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. "பின்தொடர்வோர்" சதுரம் மட்டும் இன்னும் ஓரளவு உயிரோடு இருக்கிறது. கூகுள் கணக்கோடு அதில் சேர்ந்தால் உங்கள் பிளாக்கர் பலகையில் (டேஷ்போர்டு) உள்ள வாசிப்புப் பட்டியலில் அந்தப் பதிவு வரும், உங்கள் முகப்படம் அவர் பக்கத்திலும் நிற்கும். யார் யார் படிக்கிறார்கள் என்று பதிவருக்கு முகத்தோடு தெரியும் இடம் அது. படிக்க ஓடையை வைத்துக்கொண்டாலும், அவருக்காக அதிலும் ஒரு முறை சேர்ந்துவிடுங்கள்.

பழைய இணைப்பைச் சொடுக்கினால் சம்பந்தமில்லாத பக்கம் திறக்கிறதா? முகவரியைப் பாருங்கள். பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று முடிந்தால் அதுதான் கோளாறு. 2012 வாக்கில் பிளாக்கர் இந்திய வாசகரை டாட் இன் முகவரிக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. அந்தக் காலத்தில் நகலெடுத்த இணைப்புகளில் எல்லாம் அந்த வால் ஒட்டிக்கொண்டது. 2020இல் அந்தப் பெயர் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. டாட் இன் என்பதை டாட் காம் என்று மாற்றினால் இடுகை பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். பழைய பதிவர்களின் பரிந்துரைப் பட்டியல்களைத் துழாவும்போது இந்த ஒரு திருத்தம் நிறைய பேரை மீட்டுத் தரும்.

எழுத்து உடைந்து தெரியும் பக்கங்களும் வரும். அதில் இரண்டு வகை உண்டு. தலையில் சாய்ந்த கோடு வைத்த ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர் என இவை இரண்டும் திரும்பத் திரும்ப வந்தால், அது யூனிகோடு தமிழ்தான், உலாவி தவறான குறியாக்கத்தில் காட்டுகிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால்தான் அந்த ஏ விடாமல் தலைகாட்டுகிறது. குறியாக்கத்தை மாற்றும் வசதி உள்ள உலாவியில் அதை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் சரியாகும். இரண்டாவது வகை, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடப்பது. 2003, 2004 காலத்துப் பதிவுகள் சில யூனிகோடு பரவும் முன் இருந்த திஸ்கி குறியாக்கத்தில் எழுதப்பட்டவை, ஈழத்துத் தளங்களில் பாமினி எழுத்துரு பரவலாக இருந்தது. அந்தப் பத்தியை நகலெடுத்துச் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி, திஸ்கி, பாமினி என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். சரியானதைத் தொட்டவுடன் தமிழ் எழுந்து நிற்கும்.

புதியவர்களைக் கண்டுபிடிப்பது

தேடுபொறி இதற்கு உதவாது, அது செய்தித் தளங்களையே முன்னால் நிறுத்தும். உங்களுக்குப் பிடித்த ஒரு பதிவரின் பக்கப்பட்டையில் "நான் படிப்பவை" என்று பட்டியல் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். பிளாக்கரின் அந்தப் பட்டியல் கடைசியாக எழுதியவரை மேலே வைக்கும், அதனால் யார் இன்னும் எழுதுகிறார்கள் என்பது ஒரே பார்வையில் தெரியும். அடுத்த வழி மறுமொழிகள். ஒரு நல்ல இடுகையின் அடியில் பொருளோடு பேசியிருப்பவரின் பெயரைச் சொடுக்கினால் அவருடைய சுயவிவரம் திறக்கும், அவர் எழுதும் பதிவுகளும் பின்தொடரும் பதிவுகளும் அங்கே இருக்கும். ஒரு பதிவரிடமிருந்து தொடங்கி இப்படி இரண்டு கண்ணி தாண்டினால் பதினைந்து இருபது பேர் தேறுவார்கள். தொடக்கத்துக்கு அந்த எண்ணிக்கையே போதும்.

ஒருவரை முதலிலிருந்து படிக்க ஆசையாக இருந்தால் பிளாக்கர் முகவரிக்குப் பின் /2008/05/ என்பது போல ஆண்டும் மாதமும் போட்டால் அந்த மாதத்து இடுகைகள் வரும். பிடித்த இடுகையின் இணைப்பைக் குறித்து வைக்கும்போது தலைப்பையும் பதிவர் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிளாக்கர் தன் இடுகை முகவரியை ஆங்கில எழுத்திலிருந்து மட்டுமே உருவாக்கும். முழுத் தமிழ்த் தலைப்பு என்றால் பிளாக்-போஸ்ட், அடிக்கோடு, ஒரு எண் என்று போட்டுவிடும். வெறும் இணைப்புகளாக முப்பது சேர்ந்தால் எது எந்த இடுகை என்று சொல்லவே முடியாது. வேர்ட்பிரஸ்ஸில் இதற்கு நேர்மாறு. தமிழ்த் தலைப்பு முகவரியில் விழுக்காட்டுக் குறிகளாக மாறும், ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஒன்பது இடம் பிடிக்கும். வாட்ஸப்பில் ஒட்டும்போது அந்த நீளச் சரம் நடுவில் அறுந்தால் பக்கம் திறக்காது. அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

மறுமொழி இடுவது

படித்தது எழுதியவருக்குத் தெரிய வேண்டும். "அருமை", "பகிர்வுக்கு நன்றி" என்பதில் தவறில்லை, ஆனால் அதற்குப் பதில் எழுத அவரிடம் எதுவும் இருக்காது, பேச்சு அங்கேயே முடியும். பதில் சொல்ல ஒரு பிடி கொடுங்கள். அம்மா கைப்பக்குவத்தில் மோர் மிளகாய் போடுவது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

"அக்கா, மோரில் ஊறியதைப் பகலில் காயவைத்து, மாலையில் அதே மோரில் மறுபடி போடுவதைச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் மூன்று நாளில் மோரைக் கொட்டிவிடுவோம், அதனால்தான் காரம் தூக்கலாக நிற்கிறதோ என்று இப்போது தோன்றுகிறது. மோர் முழுக்க வற்றும்வரை விட உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?"

இடுகையின் ஒரு குறிப்பான இடம், உங்கள் பக்கத்திலிருந்து ஒரு தகவல், ஒரு கேள்வி. மூன்றே வரி, எழுதியவர் கட்டாயம் திரும்பி வருவார்.

விளிப்பதில் கொஞ்சம் கவனம் தேவை. பழகும்வரை பெயரோடு ஐயா, சார், அம்மா என்பது பாதுகாப்பு. அவரே சகோ, தோழர், அண்ணா என்று மற்றவரிடம் பேசுவதைப் பார்த்த பிறகு அந்த வழக்கத்துக்கு மாறுங்கள். புனைபெயரில் எழுதுபவரை அந்தப் பெயரில்தான் அழைக்க வேண்டும். அவருடைய இயற்பெயரோ, வேலை பார்க்கும் இடமோ உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் பொதுவில் சொல்லாதீர்கள். அலுவலகத்துக்கும் உறவினருக்கும் தெரியாமல் எழுதுகிறவர்கள் உண்டு, குறிப்பாகப் பெண்கள். ஒரே ஒரு மறுமொழி அவர்கள் எழுத்தை நிறுத்திவிடக்கூடும்.

பிளாக்கர் மறுமொழிப் பெட்டி சண்டித்தனம் செய்வது எல்லோருக்கும் பழக்கம். கணக்கில் நுழைந்திருந்தும் மறுபடி நுழையச் சொல்லும், வெளியிடு என்றால் எழுதியது மறைந்துபோகும். இடுகையின் அடியில் பதிந்திருக்கும் பெட்டி வேறொரு தள முகவரியிலிருந்து வருவதால், மூன்றாம் தரப்பு நினைவிகளை (குக்கி) தடுக்கும் உலாவி உங்களை அடையாளம் காண விடுவதில்லை. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடையை நீக்கலாம், அல்லது வேறு உலாவியில் திறக்கலாம். எப்படியானாலும் மறுமொழியைக் குறிப்பேட்டில் எழுதி நகலெடுத்து ஒட்டுங்கள். வெளியான பின் திருத்த முடியாது, அழித்துவிட்டு மறுபடி போடத்தான் முடியும்.

நீளத்துக்கும் வரம்பு இருக்கிறது: 4,096 குறிகள். தமிழில் இது பார்ப்பதைவிடக் குறைவு, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. ஆகவே சுமார் 400 சொல் தாண்டினால் இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும். வேர்ட்பிரஸ்ஸில் இன்னொரு வேலி உண்டு. ஒரே மறுமொழியில் இரண்டு இணைப்பு வைத்தால் இயல்பான அமைப்பில் அது பதிவரின் ஒப்புதலுக்குப் போய் நிற்கும்.

பழைய இடுகைக்கு மறுமொழி இடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 14 நாள் கடந்த இடுகைகளுக்கு மட்டும் மட்டுறுத்தல், அதாவது பதிவர் ஒப்புதல் தந்த பின்பே மறுமொழி வெளியாகும் முறை, வைக்கும் வசதி பிளாக்கரில் இருக்கிறது, பலர் அதைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் மறுமொழி அவர் பலகையைத் திறக்கும்வரை காத்திருக்கும், அது மாதக்கணக்கிலும் ஆகலாம். வெளியாகவில்லை என்று மூன்று முறை போடாதீர்கள், வருத்தமும் பட வேண்டாம். அதே செய்தியை மடலில் அனுப்புங்கள். பெட்டிக்குக் கீழே "எனக்குத் தெரிவி" என்ற குறி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், அவர் பதில் சொன்னால் அஞ்சலில் வரும்.

சில இடுகைகளில் பெரிய விவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள், போய்ப் பார்த்தால் ஒரு மறுமொழிகூட இருக்காது. 2013 முதல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் வழியாக மறுமொழி வாங்கிய பதிவுகள் அவை. 2019இல் அந்தச் சேவையோடு மறுமொழிகளும் போய்விட்டன, பதிவர் யாரையும் நீக்கவில்லை.

மடல், பகிர்வு, சேமிப்பு

மறுமொழியில் சொல்ல முடியாததை மடலில் எழுதலாம். முகவரி அவர் சுயவிவரத்தில் இருக்கும், அல்லது பதிவில் தொடர்புப் படிவம் இருக்கும். வேறு வழியில் எண்ணைத் தேடி வாட்ஸப்பில் போய் நிற்பது அத்துமீறல். பொருள் வரியில் இடுகையின் தலைப்பைத் தமிழிலேயே போடுங்கள், எரிதம் (ஸ்பாம்) என்று நினைத்து அழிக்க மாட்டார்.

இடுகையைப் பிறருக்கு அனுப்பும்போது முழுவதையும் வெட்டி ஒட்டாதீர்கள். பெயர் உதிர்ந்து, பத்துக் குழு தாண்டி, கடைசியில் "யாரோ எழுதியது" என்று அவருக்கே திரும்பி வரும். பதிவர்களை இதைப்போல் மனமுடைய வைப்பது வேறில்லை. ஒரு பத்தி, பதிவர் பெயர், இணைப்பு, இவ்வளவே அனுப்புங்கள்.

உங்களுக்கு முக்கியமான இடுகைகளை இணையக் காப்பகத்தின் வேபேக் எந்திரத்தில் "இப்பக்கத்தைச் சேமி" என்ற இடத்தில் முகவரி கொடுத்துச் சேமித்துவையுங்கள். அழிந்துபோன பதிவைத் தேடவும் அங்கேதான் போக வேண்டும், பழைய முகவரியை இட்டால் சேமித்த தேதிகள் நாட்காட்டியில் தெரியும். கணினியில் பிடிஎஃப்பாக வைத்தால் அதோடு பக்கத்தையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் எழுத்தும் பெரும்பாலும் இடம் மாறிக் குழம்பிவிடும், பின்னால் தேடவும் முடியாது. உங்கள் ஓடைப் பட்டியலையே படிப்பானின் அமைப்பில் ஓபிஎம்எல் என்ற பட்டியல் கோப்பாக ஏற்றுமதி செய்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கே மடலிட்டு வைத்தால், படிப்பான் மூடினாலும் வேறொன்றில் ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம்.

ஒருவர் எழுதுவது நின்று ஆறு மாதம் ஆகிவிட்டால் ஒரு மடல் போடுங்கள். "ஏன் எழுதவில்லை" என்று கேட்டால் கணக்குக் கேட்பது போலிருக்கும். இந்த அளவு போதும்:

"வணக்கம் ஐயா. உங்கள் பதிவை நான்கு வருடமாகப் படிக்கிறேன். தாமிரபரணிப் படித்துறைகள் பற்றிய தொடர் ஐந்தாம் பகுதியோடு நிற்கிறது. எழுத வேண்டும் என்று கேட்கவில்லை, நலமாக இருக்கிறீர்களா என்று அறியத்தான். பதில் அவசியமில்லை."

பதில் வராவிட்டால் மறுபடி எழுத வேண்டாம். ஓடையை மட்டும் நீக்காதீர்கள். வெறுமையான ஓடை பட்டியலில் இருப்பதால் ஒரு சுமையும் இல்லை, அவர் மூன்று வருடம் கழித்து ஆறாம் பகுதியை எழுதினாலும் அன்றே உங்கள் முன் வந்து நிற்கும். படிப்பான் பிழை என்று சிவப்புக் குறி காட்டினால் மட்டும் பதிவுக்குப் போய்ப் பாருங்கள். சொந்தப் பெயரில் தளம் வாங்கி மாறியிருக்கலாம், அப்படியானால் புதிய முகவரியைச் சேருங்கள். "அழைக்கப்பட்டவர்கள் மட்டும்" என்று வந்தால் பதிவைத் தனிப்பட்டதாக மாற்றியிருக்கிறார். பிளாக்கரில் அவர் நூறு பேர் வரை அழைக்கலாம், அந்தப் பதிவின் ஓடை படிப்பானில் வராது. உங்களைச் சேர்க்கும்படி ஒருமுறை மடலில் கேட்கலாம். சேர்த்தால் மாதம் ஒருநாள் குறித்துவைத்து நேராகப் போய்ப் படியுங்கள்.